அஞ்சலை மறுத்த சொல்

1

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது என் மகள் எஸ்தர், "பப்பா, நான் பயாஸ்கோப்புக்கு அடிக்டட் ஆயிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். ஊரில் பிறந்திருந்தால் அப்பா என்று கூப்பிட்டிருப்பாள். இங்கே பிறந்தவளுக்கு நான் பப்பா. அவளுடைய கல்லூரித் தோழிகள் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்களாம். ஒருத்தி ஐஸ்கிரீமுக்கு அடிக்டட், இன்னொருத்தி கதைப் புத்தகத்துக்கு அடிக்டட். என் மனைவி கிரேஸும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்தச் சொல்லை என் காதில் விழும்படி சொல்லாதே" என்றேன். குரல் ஓங்கிவிட்டது போலிருக்கிறது. ரிச்சர்ட்ஸ் டவுன் சாலையில் எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது.

எஸ்தர் எங்களை விட்டு முன்னால் வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். சாப்பிட உட்கார்ந்தபோது, நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இங்கிலீஷில் கேட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் ஓடிவிடும். அவளிடம் அஞ்சலையின் கதையைச் சொன்னேன். அவள் பாதி கேட்டாள். மீதியை நம் ஊரில், பாளையங்கோட்டைப் பக்கத்தில் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். பெங்களூரின் குளிரைப் பற்றியும் உருளைக்கிழங்கைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. இந்த முறை ஒரு சொல்லைப் பற்றி.

2

பெங்களூர் ஒரு ஊர் அல்ல, இரண்டு. பேட்டை மைசூர் மகாராஜாவுடையது, அங்கே கன்னடம். தண்டு, அதாவது கண்டோன்மெண்ட், வெள்ளைக்காரருடையது, பட்டாளமும் பங்களாக்களும் அவற்றை நம்பிப் பிழைக்கிற தமிழர்களும் இருக்கிற இடம். இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது, வேலி கிடையாது. வண்டி மாடு ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்குச் சாணி போட்டுக்கொண்டே போகும். ஆனால் போலீசு வேறு, கோர்ட் வேறு.

நான் தண்டில் ஒரு கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன். ஜனங்கள் துபாசி என்பார்கள். துரை கேட்பதைத் தமிழில் சொல்ல வேண்டும், வந்தவர் சொல்வதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

நம் பக்கத்தில் மனுஷனுக்கு எதன் மேல் ஆசை மிஞ்சினாலும் கிறுக்கு என்ற ஒரே சொல்லை வைத்துக் காலத்தை ஓட்டிவிடுகிறோம். பாட்டுக் கிறுக்கு, சீட்டுக் கிறுக்கு, பொடிக் கிறுக்கு. என் சித்தப்பாவுக்குச் சேவல் கிறுக்கு. அவர் சேவல் ஜெயித்த நாளில் ஊர் அந்தச் சொல்லை மெச்சிச் சொன்னது. சித்தி நகையை அடகு வைத்த நாளில் அதே சொல்லைக் காறித் துப்பிச் சொன்னது. இங்கிலீஷ்காரன் அப்படிக் கலந்து வைப்பதில்லை. போலோ ஆடுகிற துரை போலோவில் கீன். ரோஜாச் செடி வளர்க்கிற துரைசாணி தோட்டத்துக்கு டிவோட்டட். சாயங்காலம் கிளப்பில் விஸ்கியோடு உட்கார்கிறவர் விஸ்கியில் ஃபாண்ட். சாராயக் கடையில் உட்கார்கிற கூலிக்காரன் மட்டும் அடிக்டட். அகராதி இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. கோர்ட்டில் கொஞ்ச காலம் நின்றால் தானாகத் தெரிந்துவிடும்.

அடிக்டட் என்பதற்கு எனக்கு முன்னிருந்த துபாசிகள் 'அடிமை' என்று தமிழ் சொல்லி வந்தார்கள். குடிக்கு அடிமையா, கஞ்சாவுக்கு அடிமையா. நானும் அப்படியே கேட்டேன். நின்றவர்கள் எல்லாரும் புரிந்துகொண்டு ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னார்கள். யாருக்கும் அந்தச் சொல் இடறவில்லை, அஞ்சலை வரும்வரை.

3

இது ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷங்களில் நடந்தது. அஞ்சலை தண்டைச் சேர்ந்த நீலசந்திராவில் குடியிருந்தாள். பங்களா கட்டுகிற இடங்களில் செங்கல் சுமக்கிற வேலை. புருஷன் முனுசாமி ஒரு பட்டாளத்துத் துரையிடம் குதிரைக்காரன். ஒரே பிள்ளை பூங்காவனம். பத்து வயது இருக்கும்.

முனுசாமி பேட்டையிலிருந்த ஒரு பீடிப் பட்டறை மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் குடித்துவிட்டான். அதற்கு ஈடாகப் பிள்ளையைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்தான். கடன் தீரும்வரை அவள் அங்கேயே தங்கிப் பீடி சுற்ற வேண்டும். சாப்பாட்டுச் செலவை மேஸ்திரி கடனோடு சேர்த்துக்கொள்வான் என்பதால் அந்தக் கடன் தீருகிற கடன் அல்ல. வேலை முடிந்து வந்த அஞ்சலை வீட்டில் பிள்ளையைக் காணாமல் தெருவெல்லாம் தேடியிருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் பட்டறைக்கு ஓடினாள். "அப்பன் விட்டுட்டுப் போன பிள்ளை. அப்பன் வந்து கேட்கட்டும்" என்று மேஸ்திரி கதவைச் சாத்திவிட்டான்.

அவள் எங்கள் கோர்ட்டுக்கு வந்தாள். பிள்ளை மேல் உரிமை தகப்பனுக்குத்தான். அதைத் தாய்க்கு மாற்ற வேண்டுமானால் தகப்பன் அதற்குத் தகுதியில்லாதவன் என்று கோர்ட்டுக்குத் தோன்ற வேண்டும். மரத்தடியில் மனு எழுதுகிறவர், புருஷன் 'அடிக்டட் டு டிரிங்க்' என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தார். வழக்கு முழுவதும் அந்த மூன்று சொல்லில் நின்றது.

அன்றைக்கு முனுசாமி துவைத்த தலைப்பாகையோடு, தெளிவாக, கை கட்டி நின்றான். துரை அஞ்சலையைப் பார்த்துக் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"உன் புருஷன் குடிப்பானா?"

"குடிப்பாரு சாமி. தெனமும் குடிப்பாரு."

சொன்னேன். துரை பேனாவைக் கீழே வைத்தார். "தினமும் குடிக்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். அடிக்டட்டா என்று கேள்."

"உன் புருஷன் குடிக்கு அடிமையா?"

அவள் என்னையே பார்த்தாள். "இன்னா கேட்டீங்க?"

"குடிக்கு அடிமையா என்று துரை கேட்கிறார்."

"இல்ல சாமி" என்றாள். பளிச்சென்று சொன்னாள். "அடிமையெல்லாம் இல்ல. தானா போறாரு, தானா குடிக்கிறாரு. யாரு அவரைக் கட்டி இழுத்துகினு போனாங்க?"

நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். சொல்லிவிட்டு, "கனம் துரை அவர்களே, இந்தத் தமிழ்ச் சொல்லை இவள் வேறு பொருளில் எடுத்துக்கொண்டதாகத் தோன்றுகிறது. வேறு விதமாகக் கேட்க அனுமதி வேண்டும்" என்றேன்.

துரை என்னைப் பார்த்தார். "நீர் சாட்சியா, மொழிபெயர்ப்பாளரா?"

"மொழிபெயர்ப்பாளன்."

"அப்படியானால் அதைச் செய்யும்."

பிறகு தாமே ஒரு கேள்வி கேட்டார். புருஷனுக்கு வேறு எதிலாவது ஈடுபாடு உண்டா, சூதாட்டம், பெண்கள்? நான் கேட்டேன். அஞ்சலைக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"அதெல்லாம் இல்ல சாமி. குதிரைன்னா பைத்தியம். புள்ளைக்கு அம்மை போட்டப்போ எட்டிப் பாக்காத மனுசன், குதிரைக்கு வவுத்து நோவுன்னா லாயத்துலயே படுத்துக்கினு அழுவுறாரு."

அவள் அதைக் குற்றமாகச் சொன்னாள். இங்கிலீஷிலும் அதற்கு நேரான பேச்சு இருக்கிறது: மேட் அபௌட் ஹார்சஸ். பிள்ளைக்கு அம்மை என்பதையும் விடாமல் சொன்னேன். ஆனால் துரையின் முகம் குதிரை என்ற இடத்திலேயே மலர்ந்துவிட்டது. அவர் தண்டில் பேர்போன போலோக்காரர். முனுசாமியை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "நானும் அப்படித்தான்" என்றார். கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

தகப்பன் குடிப்பவன், ஆனால் குடிக்கு அடிக்டட் அல்ல என்று மனைவியே சொல்கிறாள், தன் தொழிலில் அக்கறையுள்ளவன், பிள்ளையை ஒரு தொழிலில் சேர்த்திருக்கிறான், தலையிடக் காரணமில்லை. மனு தள்ளுபடி. முனுசாமியிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

4

எஸ்தர் இந்த இடத்தில்தான் குறுக்கிட்டாள். "அவ எஸ்னு சொல்லியிருக்கலாமே பப்பா. ஒரு வார்த்தைதானே?"

அன்றைக்கு வராந்தாவில் நானும் அஞ்சலையிடம் அதைத்தான் கேட்டேன். அவள் தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். என்ன தீர்ப்பு என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் பிள்ளை கிடைத்திருக்கலாம் என்றதும் அவளுக்கு முகம் செத்துவிட்டது. 

"துபாசி ஐயா, எங்க நைனா அடிமை. ஆர்க்காட்டுப் பக்கம் ஒரு பண்ணையில படியாளு. அவங்கப்பனும் அங்கதான். பொழுது விடியறதுக்கு முன்ன எழுந்திருடான்னா எழுந்திருக்கணும். என் அக்காளை அந்த வூட்டுல வேலைக்கு வுடுடான்னா வுடணும். காய்ச்சல்னு படுத்தாருன்னு மாட்டுக் கயித்தால அடிச்சாங்க, நான் பாத்தேன். எங்கம்மா என்னை மட்டும் இடுப்புல தூக்கிகினு ஓடியாந்து இங்க சேந்தா. அதுக்குப் பேருதான் அடிமை."

மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இந்த ஆளை யாரு அடிச்சாங்க? கூலி கையில வருது, கால் அதுவா கடைக்குப் போவுது. வேணாம்னா வூட்டுக்கு வரலாம்ல? இவரு அடிமைன்னா எங்க நைனா யாரு? இவரை அடிமைன்னு நான் சொன்னா, பாவம், அவரு இன்னா பண்ணுவாருன்னு ஆயிடாதா? அவரு மேல குத்தமே இல்லாம பூடாதா?"

 நாங்கள் அகராதியைப் பார்த்துச் சொல்லைத் தேடுகிறோம். அவள் அதைத் தகப்பன் முதுகில் பார்த்தவள்.

கடைசியாக, "அடிமையா வித்தது எம்புள்ளையைத்தான் சாமி. அதை ஏன் துரை கேக்கல?" என்றாள்.

எஸ்தரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தோழிகள் வாசலில் வந்து நின்று கூப்பிட்டார்கள். போனாள். அவளைக் குறை சொல்லவில்லை. தண்டில் பிறந்து, கான்வெண்டில் படித்து, படியாள் என்ற சொல்லைக் காதால்கூடக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை. நாங்கள்தானே அப்படி வளர்த்தோம்.

5

எங்கள் பக்கத்து வீட்டில் அந்தோணிசாமி என்று ஒரு வாத்தியார் இருந்தார். கத்தோலிக்கர், வெகு காலம் லத்தீன் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அஞ்சலையின் மனு தள்ளுபடியான அந்த வாரம் அவரிடம் இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். ரோமாபுரியில் கடனைத் திருப்பாதவனை நீதிபதி கடன் கொடுத்தவனுக்குச் சொந்தம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கையளிப்பாராம். அப்படிக் கொடுக்கப்பட்டவனுக்குத்தான் அடிக்டஸ் என்று பெயர்.

"அப்போ நம்மாளுங்க அடிமைன்னு சொன்னது சரிதான் சார்" என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

சரிதான். கடனுக்கு ஈடாக, ஒரு நீதிபதியின் வாய்ச்சொல்லால் இன்னொருவன் கையில் போய்ச் சேர்ந்த ஆள் எங்கள் கோர்ட்டிலும் உண்டு. ஆனால் அது குதிரைக்காரன் அல்ல, அவன் மகள். இதை நான் வாத்தியாரிடம் சொல்லவில்லை. அவர் காப்பி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அஞ்சலையோடு பேட்டைக் கோர்ட்டுக்குப் போனேன். பிள்ளை இருக்கிற இடம் பேட்டைதானே. எத்தனையோ வருஷம் இங்கே இருந்தும் என் கன்னடம் காய்கறிக் கடையைத் தாண்டாது. அதை வைத்துக்கொண்டு ஒரு குமாஸ்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகவே கேட்டார். "அப்பா எல்லித்தாரெ?" என்றார். தண்டில் இருக்கிறார் என்றேன். "ஹாகாதரெ இது தண்டின கேசு ஸ்வாமி. இல்லி பரல்ல" என்று கைகூப்பினார். அப்படியானால் இது தண்டு வழக்கு, இங்கே வராது. அப்பன் தண்டில், பிள்ளை பேட்டையில். நடுவில் அஞ்சலை.

அங்கிருந்து நேராக லாயத்துக்குப் போனேன். அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். முனுசாமி ஒரு சிவப்புக் குதிரைக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தான். பகல் வேளை. கை நடுங்கியது, குதிரையின் மேல் பட்டபோது மட்டும் நடுக்கம் அடங்கியது. என்னைப் பார்த்ததும் சலாம் வைத்தான்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "முனுசாமி, உன்னால் இதை விட முடியாதா?" என்றேன்.

"முடியாதுங்க ஐயா."

"முயற்சி செய்தாயா?"

"புள்ளையை வுட்டுட்டு வந்தேன் பாருங்க, அன்னிக்கி இனிமே தொடமாட்டேன்னு எல்லையம்மன் கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்ணேன். பொழுது சாயறதுக்குள்ள கடை வாசல்ல நிக்கிறேன்." குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான். "நான் அடிமைதாங்க ஐயா. அந்த சாராயத்துக்கு அடிமை. அவதான் இல்லன்னுட்டா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"இப்போது கோர்ட்டில் வந்து சொல்வாயா?"

"சொல்றேன். எங்க வேணாலும் சொல்றேன். எம்புள்ளை வந்தாப் போதும்."

அவன் பொய் சொல்லவில்லை. அது எனக்கு இன்றைக்கும் நிச்சயம். அவன் வாக்குமூலம் தருவான் என்று புது மனு போட்டோம். துரையும் படித்துப் பார்த்து, தகப்பனே வந்து சொன்னால் கேட்கிறேன் என்றார். நாள் குறித்தார்கள்.

அந்த நாளில் முனுசாமி வந்தான். கோர்ட்டில் நின்று அந்த வார்த்தையைச் சொல்லத் தைரியம் வேண்டுமென்று வழியில் கடைக்குள் போயிருக்கிறான். வாசலில் தலைப்பாகை அவிழ்ந்து கிடக்க, "நான் அடிமை, நான் அடிமை" என்று கத்திக்கொண்டிருந்தான். குடித்தவனைக் கோர்ட்டுக்குள் விட முடியாது என்று சேவகர்கள் அவனைச் சாலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஆள் ஆஜராகவில்லை என்று பதிவாயிற்று. வெளியே கேட்கிற குரல் அவனுடையதுதான் என்று நான் எழுந்து சொன்னேன். கோர்ட்டுக்கு வெளியே சொல்வது சாட்சியம் ஆகாது என்றார் துரை. அது சட்டப்படி சரி.

அஞ்சலை அழவில்லை. புருஷன் இழுபட்டுப் போவதை ஜன்னல் வழியாகக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள். "கட்டித்தான் இழுக்கிறாங்க" என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

6

அதற்குப் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. பேட்டைக்குப் போய் மேஸ்திரியின் முன்னால் நின்று, பிள்ளையை விடு, நான் உட்காருகிறேன் என்றிருக்கிறாள். வளர்ந்த ஆளின் கை பிள்ளையின் கையைவிட அதிகம் சுற்றும். மேஸ்திரிக்கு நஷ்டமில்லை. அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு பூங்காவனத்தை வெளியே அனுப்பினான். நீலசந்திரா ஜனங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். தாழ்ந்த கூரை, புகையிலைத் தூசி, வரிசையாகக் குனிந்த தலைகள். அவற்றில் ஒன்று நிமிர்ந்தது.

"என்னம்மா இப்படிச் செய்துவிட்டாய்?" என்றேன்.

"எங்கம்மா என்னைத் தூக்கிகினு ஓடியாந்தா. எனக்கு ஓட எடமில்ல. அதான் மாத்திக்கினேன்" என்றாள். அதற்குள் மேஸ்திரி பார்த்துவிட்டான். அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

பூங்காவனத்தை அப்பனிடம் விட்டால் இன்னொரு பட்டறைக்குப் போவாள். கிரேஸ்தான் மிஷன் பெண்கள் விடுதியில் பேசி இடம் வாங்கினாள். முனுசாமி ஒரு காலைவேளையில் தெளிவாக வந்து, பிள்ளை அங்கே இருக்கட்டும் என்று கைநாட்டு வைத்தான். பிறகு அந்தப் பட்டாளம் வடக்கே மாறியபோது குதிரையோடு அவனும் ரயிலேறிப் போய்விட்டான். திரும்பவில்லை. அஞ்சலை அதன் பிறகும் வருஷக்கணக்கில் அந்தப் பட்டறையில் இருந்தாள். இருமலோடு வெளியே வந்தவள் அதிக நாள் இருக்கவில்லை.

அங்கே இருந்த காலத்தில் பட்டறையிலிருந்து அவளை ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவதுதான் வெளியே விடுவார்கள். அப்படி முதல் தடவை அவள் மகளைப் பார்க்க வந்தபோது நானும் விடுதிக்குப் போயிருந்தேன். விடுதிப் பொறுப்பில் இருந்தவர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். தமிழ் தெரியாது, நல்ல மனசுக்காரி. பூங்காவனம் புதுப் பாவாடை கட்டி, எண்ணெய் தேய்த்துத் தலை வாரி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு கைகளின் விரல்களும் எதையோ சுற்றிக்கொண்டிருந்தன. பீடி இலையும் இல்லை, தூளும் இல்லை. வெறும் பாவாடை ஓரம்.

"படிப்பில் கெட்டிக்காரி" என்றாள் அந்த அம்மாள் என்னிடம். "ஆனால் விரல்களில் ஒரு கெட்ட ஹாபிட் இருக்கிறது. ஜெபத்தின்போதும் செய்கிறாள். தூக்கத்திலும் செய்கிறாள். எவ்வளவு கண்டித்தும் விடவில்லை."

அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். "அந்தம்மா இன்னா சொல்றாங்க துபாசி ஐயா?"

துரை கேட்டதிலும் ஜனங்கள் சொன்னதிலும் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றியவன் அல்ல.

"நல்லாப் படிக்கிறாளாம்" என்றேன்.

அஞ்சலை தலையாட்டினாள். பெஞ்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மகளின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் மூடிக்கொண்டாள். புகையிலைக் கறை ஏறிய கை. வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள். உள்ளே விரல்கள் அடங்கின. மணி அடித்து, அவள் கையை எடுத்ததும், அவை மறுபடி சுற்ற ஆரம்பித்தன.